கீழே உள்ளவை நேற்றைய விலைகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று இறக்கிய விலைக் கோப்பின் நடுவில் ஒரு விளம்பரம். எங்கள் புதிய சேவைக்கு இன்றே பதிவு செய்யுங்கள் என்று இரண்டு பங்கு விலைகளுக்கு இடையே வெட்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டுதானே தரவு தருகிறார்கள். அதற்குள் விளம்பரம் வேறு.

அம்மாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் எழுதித் தர வேண்டுமாம், மகள் கேட்டாள். குப்பை பொறுக்குகிறேன் என்று எழுது என்றேன். முறைத்தாள். நான் என்ன பொய்யா சொன்னேன்? சந்தை மூடியதும் தரவுக் கம்பெனியின் தளத்திலிருந்து கோப்பை இறக்குகிறேன். தேதி, குறியீடு, விலை. மறுபடி தேதி, குறியீடு, விலை. அப்படியே வந்தால் எங்கள் கணக்கு மென்பொருள் முழுங்கிவிடும். ஆனால் அந்தக் கம்பெனியில் எவனோ ஒருவனுக்கு வாய் சும்மா இருப்பதில்லை. நடுநடுவே குறிப்பு வரி போடுகிறான். தலைப்பை நாலு இடத்தில் போடுகிறான். கோடு கிழிக்கிறான். வாழ்த்துச் சொல்கிறான். எழுத்தாக ஒரே ஒரு வரி வந்தாலும் எங்கள் மென்பொருள் அந்த இடத்திலேயே முரண்டுபிடித்து நின்றுவிடும். அதனால் நான் கண்ணால் பார்த்து, படித்து, அழித்து, சுத்தமாக்கி ஏற்றுகிறேன். அதை வைத்துத்தான் நாங்கள் நடத்துகிற தொழிலாளர் சேமிப்பு நிதிக்கு அன்றைய விலை. அன்று வேலையை விட்டுப் போகிற தொழிலாளிக்கு அந்த விலைப்படி கணக்கு முடிப்பார்கள். முடித்தால் முடித்ததுதான், யாராலும் திரும்பப் பிரிக்க முடியாது.

இப்போது இந்த வேலைக்கு ஒரு புரோகிராம் எழுதப் போகிறாளாம். யார்? வேறு யார், என் நாத்தனார்தான். போன வருஷம் இந்த அலுவலகத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னதே நான். கணவர் நச்சரித்தார், அவருடைய தங்கை விவாகரத்து ஆகி வந்து நிற்கிறாள், ஏதாவது செய் என்று. செய்தேன். வாசலைக் காட்டிவிட்டேன். அவள் உள்ளே வந்து என் நாற்காலியைப் பார்க்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

மேலாளர் கூப்பிட்டார். எங்களுக்குள் அவர் பெயர் ‘ஆகட்டும்’. எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், ஆனது ஒன்றும் கிடையாது. இன்று மட்டும் புதிதாக ஒன்று சொன்னார். ஜூன் முடிவதற்குள் எங்கள் பிரிவில் ஒரு ஆளைக் குறைக்க வேண்டுமாம். பிரிவில் இருப்பதே இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று அவள்.

என்னைப் பார்த்துச் சொல்லும்போது மேசை மேல் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிடுங்கி வைக்கலாமா என்று இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். வழக்கம்போல யாரையும் கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்தாள். மகள் அத்தை அத்தை என்று அவள் பின்னாலேயே சுற்றினாள். எனக்குப் பரீட்சை மதிப்பெண்ணைக் காட்டாதவள் அவளிடம் காட்டியிருக்கிறாள்.

ஆள் குறைப்பு விஷயம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முகத்தில் ஒரு சங்கடம் வேண்டாமா? சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த புரோகிராம் வந்துட்டா உங்களுக்கு வேலை லேசாகிடும் அண்ணி."

லேசாகிவிடுமாம். வேலையே இல்லாமல் போனால் லேசாகத்தான் இருக்கும்.

அவள் போன பிறகு கணவரிடம் கேட்டேன். உங்கள் தங்கைக்கு வேலை போனால் என்ன செய்வீர்கள்? எனக்குப் போனால்? அவர் தட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சமாளித்துப் போகலாமே என்றார். ஒரு நாற்காலியில் இரண்டு பேர் எப்படிச் சமாளிப்பது, மடியில் உட்காரவா? கேட்டேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவள் ஒரு தையல் கடை மாடியில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள், நாள் முழுக்கக் கீழே மெஷின் சத்தம். வாடகை, கணவனிடமிருந்து பிரிந்த வழக்குக்கு வாங்கிய கடன் எல்லாம் அவள் தலையில்தான். எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய?

மார்ச் 10, செவ்வாய்

இன்று என் மேசைக்கு வந்தாள். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, கோப்பில் தேவையில்லாமல் வருகிற வரிகள் என்னென்ன வகை என்று கேட்டாள். எந்த வகையை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது. "உங்களுக்குத்தான் அண்ணி எல்லாம் தெரியும். இத்தனை வருஷமா நீங்கதானே படிச்சிருக்கீங்க."

பாராட்டா, ஐஸா? ஐஸ்தான்.

நாலே நாலு வகை சொன்னேன். தலைப்பு வரி, காலி வரி, முன்னால் # என்ற குறி வைத்து வருகிற குறிப்பு, கடைசியில் வருகிற கூட்டுத்தொகை வரி. அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றேன். நம்பி எழுதிக்கொண்டாள்.

விளம்பரம், வாழ்த்து, கோடு, நடுவில் மறுபடி முளைக்கிற தலைப்பு எதையும் சொல்லவில்லை. எல்லாம் சில்லறை. ஒன்று மட்டும் சில்லறை இல்லை, அதையும் சொல்லவில்லை.

வருஷத்துக்கு நாலைந்து தடவை, ஏதாவது ஒரு சந்தையிலிருந்து அவர்களுக்கு இணைப்பு அறுந்துபோகும்போது வரும் வரி அது. ‘கீழே உள்ளவை நேற்றைய விலைகள். திருத்திய கோப்பு பின்னர்.’ அதற்கு மேலே இருப்பது இன்றைய விலை, கீழே இருப்பது பழையது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தேதி கூட இன்றைய தேதிதான் போட்டிருப்பான், புண்ணியவான். அந்த வரி இல்லாவிட்டால் சாமி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அது வந்தால் நான் எதையும் ஏற்றாமல் திருத்திய கோப்புக்குக் காத்திருப்பேன். ஆகட்டும் கத்துவார். கத்தட்டும்.

இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டுமா? ஏன்? நான் ஒன்றும் மறைக்கவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

மார்ச் 11, புதன்

நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

பரீட்சார்த்த ஓட்டம் ஆரம்பம். ஒரே கோப்பு, ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவளுடைய புரோகிராம். ஆகட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார், குத்துச்சண்டைக்கு நடுவர் மாதிரி.

தெரியாத வரி வந்தால் அவள் புரோகிராம் நின்றுவிடுகிறது. இந்த வரி எனக்குத் தெரியவில்லை, என்ன செய்ய என்று கேட்கிறது. முதல் பக்கத்திலேயே கோட்டைப் பார்த்து நின்றது. அப்புறம் நடுவில் வந்த தலைப்பைப் பார்த்து நின்றது. அவள் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக் கொடுத்து நகர்த்துவதற்குள் நான் முடித்து, ஏற்றி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகட்டும் சிரித்தார். இது என்ன, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கிற பஸ்ஸா என்றார். அவள் காது சிவந்தது. பார்த்தேன். பார்க்காத மாதிரி குடிநீர் பாட்டிலை மூடினேன்.

மார்ச் 25, புதன்

மறுபடி விளம்பரத்தில் நின்றது. திரையை என் பக்கம் திருப்பினாள். "இது என்ன வரி அண்ணி? எடுத்துடலாமா?"

ஆகட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியலையே, புதுசா இருக்கே என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரையைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் இன்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கேட்காமல் போகட்டுமே. கேட்காவிட்டால்தான் என்ன. எத்தனை நாள் இந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பிறந்த வீட்டில் படிப்பு அவளுக்குத்தான், பாராட்டு அவளுக்குத்தான். கல்யாணமான புதிதில் நான் எழுதிய மளிகைச் சீட்டில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வயதா அதற்குக் காரணம்?

மார்ச் 27, வெள்ளி

ஆகட்டும் பொறுமை இழந்துவிட்டார். தேதி, குறியீடு, விலை என்று வந்தால் எடுத்துக்கொள், மற்ற எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடு, அவ்வளவுதானே, இதற்கு ஒரு மாசமா என்றார். நியாயமாகத்தான் பட்டது, வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு.

அவள் முடியாது என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. நின்றுகொண்டுதான் சொன்னாள். "தெரியாத வரியைப் படிக்காமத் தூக்கிப் போடக் கூடாது சார். அதுல என்ன சொல்லியிருக்கான்னே நமக்குத் தெரியாது. நிக்கிறது தொந்தரவுதான். ஆனா நின்னாத்தான் யாராவது படிப்பாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் என்றால் அது என் பேச்சு. இத்தனை வருஷமாக இந்த அலுவலகத்தில் படிக்காமல் ஒரு வரியைக் கூட அழிக்காதவள் நான். அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. அவளாகவே அங்கே வந்து நிற்கிறாள்.

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார், அவள் சொல்வது சரி, இப்படி ஒரு வரி வரும் என்று. வாய் வரைக்கும் வந்தது.

ஆகட்டும் என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். நீங்கள் சொன்னால் சரி சார் என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

சாப்பாட்டுக்கு வரவில்லை. தலைவலி என்று அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். அத்தை ஏன் வரலை என்று மகள் மூன்று தடவை கேட்டாள். என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டாள், எனக்குத்தான் காரணம் தெரியும் என்பதுபோல.

ஏப்ரல் 1, புதன்

போய்விட்டாள்.

ஜூன் வரை கூடக் காத்திருக்கவில்லை ஆகட்டும். சொன்னதைச் செய்ய மாட்டேன் என்கிற ஆள் வேண்டாம் என்று மேலே எழுதிவிட்டாராம். மதியம் அவள் மேசையைக் காலி செய்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு குவளை, ஒரு ஸ்வெட்டர், இரண்டு பேனா. கைப்பைக்குள்ளேயே அடங்கிவிட்டது. போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடமும் வந்தாள். "வரேன் அண்ணி." அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல்.

நான் ஜெயித்தேனா? ஆமாம். ஜெயித்தேன். நாற்காலி என்னுடையது. எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள.

ஏப்ரல் 2, வியாழன்

கோப்பில் இன்று எந்தக் குப்பையும் இல்லை. இப்படி ஒரு நாள் கூட வந்ததில்லை. எவனுக்கோ என்னைப் பார்த்தால் கிண்டலாக இருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

ஆகட்டுமுக்கு அவள் போனது போதவில்லை. வெளியிலிருந்து ஒருவனைப் பிடித்து வந்திருக்கிறார். மணிக்கணக்குக் கூலிக்கு வருகிறவன், காதில் எப்போதும் எதையோ மாட்டிக்கொண்டிருக்கிறான். அவள் எழுதிவிட்டுப் போன புரோகிராமைத் திறந்தான். நின்று கேட்கிற இடத்தை எடுத்தான். எண் இல்லாத வரி எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடு என்று ஒரு வரி எழுதினான். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான்.

இப்போது நிற்காமல் ஓடுகிறது. நான் செய்ய வேண்டியது ஒரு பொத்தானை அழுத்துவது. மேலாளருக்கு ஏக சந்தோஷம். பாருங்கள், இவ்வளவுதான் விஷயம் என்று என்னிடம் சொல்கிறார், நான் என்னவோ இத்தனை வருஷமாக அவரை ஏமாற்றிக்கொண்டிருந்த மாதிரி.

பொத்தானை அழுத்த எதற்கு ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்ற எத்தனை நாள் ஆகும்? அவளை வெளியே தள்ளியதால் என் இடம் கெட்டியாகிவிடும் என்று நினைத்தேன். புத்திசாலி.

மே 6, புதன்

யாருக்கும் தெரியாமல் இன்னும் படிக்கிறேன். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, விளம்பரத்திலிருந்து வாழ்த்து வரைக்கும் ஒன்று விடாமல். ஆகட்டும் பின்னால் வந்தால் மூடிவிடுகிறேன். அலுவலகத்தில் மற்றவர்கள் திருட்டுத்தனமாக சினிமா பார்க்கிறார்கள், நான் குறிப்பு வரி பார்க்கிறேன்.

எதற்குப் பார்க்கிறேன்? தெரியவில்லை. கை அரிக்கிறது.

அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாளாம், காய்ச்சல். எனக்கு எதற்குச் சொல்கிறார்? நான் டாக்டரா?

மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். என்னை வரச் சொல்லிக் கேட்கக்கூட இல்லை.

மே 19, செவ்வாய்

வந்தது.

சாதாரணமாகத்தான் திறந்தேன். பாதிக்குக் கீழே, தலைப்பும் கோடும் தாண்டி, பழகிய முகம் மாதிரி: கீழே உள்ளவை நேற்றைய விலைகள். திருத்திய கோப்பு பின்னர்.

பொத்தான் மேல் விரல் இருந்தது. அழுத்தியிருந்தால் அந்தக் கூலிக்காரன் எழுதிய ஒரு வரி, இந்த வரியைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கும். கீழே இருக்கிற பழைய விலை எல்லாம் இன்றைய விலையாக உள்ளே போயிருக்கும். யாருக்கும் தெரியாது. நாளைக்கோ அதற்கடுத்த நாளோ திருத்திய கோப்போடு ஒப்பிட்டுத் தணிக்கையில் கண்டுபிடித்தால், ஆகட்டும் தலை உருளும். நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, சொன்னதைச் செய்தால் போதும். அழகான சந்தர்ப்பம்.

ஏன் அழுத்தவில்லை? இன்று கணக்கு முடிக்கிறவர்கள் பட்டியலில் இருபது சொச்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்காகவா? அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அது இல்லை. இந்த அலுவலகத்தில் என் கை வழியாகப் பழைய விலை போனதே இல்லை. இனிமேலும் போகாது. அவனுடைய ஒற்றை வரி என் கண்ணைவிடப் பெரிசா? அந்தக் கோபம்தான். அவ்வளவுதான்.

மேலாளர் அறைக்குப் போய், இன்று ஏற்ற முடியாது, திருத்திய கோப்பு வரும் வரை எல்லாக் கணக்கையும் நிறுத்துங்கள் என்றேன். திரையைக் காட்டினேன். படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. படித்து முடித்து இன்னொரு தடவை படித்தார். நல்லவேளை பார்த்தீர்கள் என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து நல்லவேளை என்றார்.

அங்கேயே வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"இது புதுசா வர ஆரம்பிச்சிருக்கா?" என்றார்.

எனக்கு என்ன கிறுக்கு பிடித்ததோ. புதுசா? என்னிடமா கேட்கிறான், புதுசா என்று? "வருஷத்துக்கு நாலைஞ்சு தடவை வரும் சார். ஒவ்வொரு தடவையும் நான்தான் பிடிச்சு நிறுத்தியிருக்கேன். நீங்க கூட கத்தியிருக்கீங்க."

தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார்.

"அப்போ அந்தப் பொண்ணு லிஸ்ட் கேட்டப்போ, இதைச் சொன்னீங்களா?"

அவர் மேசையில் ஸ்டேப்ளர் இருந்தது. இந்தத் தடவை அவர் அதைத் தொடவில்லை.

மே 20, புதன்

திருத்திய கோப்பு நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டது. எல்லாம் சரியாக ஏற்றினேன். யாருக்கும் ஒரு காசு குறையவில்லை, கூடவில்லை.

இதை யாரும் சொல்லவில்லை. இன்று அலுவலகத்தில் என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பழைய பரீட்சார்த்த ஓட்டத்தின் பதிவையெல்லாம் ஆகட்டும் எடுத்துப் பார்த்திருக்கிறார். அவள் புரோகிராம் நின்ற ஒவ்வொரு வரியும் அதில் இருக்கிறதாம். விளம்பரம் உட்பட. எனக்குத் தெரியலையே என்று நான் சொன்ன விளம்பரம்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பெருமை பேசப் போய். நான் பிடித்தேன், நான் நிறுத்தினேன், நான் நான் நான்.

மே 21, வியாழன்

கணவருக்குச் செய்தி போய்விட்டது. மேலாளர் அவளுக்குப் போன் செய்ய, அவள் அண்ணனுக்குப் போன் செய்ய. திரும்ப வரச் சொல்லியிருக்கிறாராம். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாளாம்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து கதவோரம் நின்றார். இவர் எப்போதுமே இப்படித்தான், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல்.

"உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

ஆமாம் என்றேன். எல்லாம் தெரியும், ஏன் சொல்ல வேண்டும், என் வேலையை எடுத்துக்கொள்ள வந்தவளுக்கு நான் ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவள் போயிருக்காவிட்டால் நான் போயிருப்பேன், அப்போது வந்து இப்படிக் கதவோரம் நின்றிருப்பீர்களா, நீங்கள் இரண்டு பேரும் சமாளித்துப் போங்கள் என்றீர்களே, நான் என் வழியில் சமாளித்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மகள் அவள் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் முடித்ததும், மடித்த துணியிலிருந்து தன்னுடைய சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அவரே அலமாரியில் வைத்துக்கொள்வதற்காக. கல்யாணம் ஆன நாளிலிருந்து தன் துணியைத் தானே எடுத்து வைத்தவர் இல்லை.

சண்டை போட்டிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டத் தெரியாத மனுஷன்.

மே 24, ஞாயிறு

அப்பாவும் மகளும் அங்கே சாப்பிடப் போனார்கள். தனியாக டிவி பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை.

ஜூன் 1, திங்கள்

கடிதம் கொடுத்தார்கள். ஆளைக் குறைப்பது குறைப்பதுதான். ஜூன் முப்பது எனக்குக் கடைசி நாள். அதற்குள் ஒப்படைப்பு. தண்டனை என்று எங்கேயும் எழுதவில்லை, மறுசீரமைப்பு என்று எழுதியிருக்கிறது. கொடுக்கும்போது ஆகட்டும் கண்ணைப் பார்க்கவில்லை. உங்களை மாதிரி அனுபவம் உள்ளவர்கள் என்று ஏதோ ஆரம்பித்தார். போதும் சார் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அழவில்லை. பஸ்ஸில் ஒருத்தி என் காலை மிதித்தாள், அவளைக் கண்டபடி திட்டினேன். பாவம், யாரோ.

ஜூன் 8, திங்கள்

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். வந்தவுடன் அந்தக் கூலிக்காரன் எழுதிய வரியை எடுத்துவிட்டு, பழையபடி நின்று கேட்கிற மாதிரி மாற்றினாள். அப்படிச் செய்தால்தான் வருவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தாளாம். மேலாளர் ‘ஆகட்டும்’ என்றிருக்கிறார்.

என்னைத் திட்டுவாள், எல்லார் முன்னாலும் கேட்பாள் என்று காலையிலிருந்து பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பதில்கள். மளிகைச் சீட்டு வரைக்கும் வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. காலை வணக்கம் சொன்னாள். வேலையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஒப்படைப்புக்கு உட்காரலாம் என்று மின்னஞ்சல் அனுப்பினாள், எதிர் மேசையில் இருந்துகொண்டு, ஆகட்டுமுக்கும் ஒரு நகல் போட்டு.

ஜூன் 12, வெள்ளி

அவள் மேசைக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பு, நடுவில் முளைக்கிற தலைப்பு, கோடு, விளம்பரம், வாழ்த்து, நிறுவனம் பெயர் மாறினால் போடுகிற அறிவிப்பு, வர்த்தகம் நிறுத்திய பங்குக்கு விலைக்குப் பதில் வருகிற சொல். எதை அழிக்கலாம், எதற்கு நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பழைய கோப்பிலிருந்து ஒரு உதாரணம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவளும் திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தட்டினாள். என் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து ஒன்றைக் கூட எழுதவில்லை.

நேற்றைய விலை வரியைச் சொன்னபோது விரல்கள் ஒரு நொடியாவது நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மற்றதைப் போலவே அதற்கும் உதாரணம் கேட்டாள், பார்த்தாள், தட்டினாள்.

முடிந்தது. மத்தியானம் ஆகிவிட்டது. எழப் போனேன்.

"வேற ஏதாவது இருக்கா மேடம்?" என்றாள்.

இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. என்னிடம் இருந்தது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அதையே மறுபடியும் கேட்டாள்.